புகைப்படத்தை உல்லன் பின்னலாக்கினால் ஏன் சாக்குத்துணியாகிவிடுகிறது?

கேள்வி: மண்டபம் ஸ்டுடியோ

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் சிறிய ஸ்டுடியோ ஒன்றை நடத்திவருகிறேன். பாஸ்போர்ட் அளவுப் படங்களும் காதணி விழா ஆல்பங்களும்தான் அன்றாடப் பிழைப்பு. சென்ற மாதம் பாம்பனைச் சேர்ந்த வாடிக்கையாளர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் தாம் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி திறந்து நிற்க, முன்னால் நாட்டுப்படகுகள் கட்டிக் கிடக்கும் படம் அது. அதைத் தலையணை உறையில் அச்சிட்டு வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்ப வேண்டும், ஆனால் பார்ப்பவருக்கு அது கையால் உல்லன் நூலில் பின்னியது போலத் தோன்ற வேண்டும் என்று கேட்டார். கம்பளியைக் கண்ணால் காண்பதே அரிதான நம் ஊரில் இப்படியொரு ஆசை வருமென்று நான் நினைத்ததில்லை. இருந்தும் ஒப்புக்கொண்டுவிட்டேன்.

கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் மூன்று வழிகளை முயன்றேன். ஆர்ட்டிஸ்டிக் பிரிவில் உள்ள க்ளாத்திஃபை ஃபில்டரைப் போட்டபோது படம் அரிசிச் சாக்கில் அச்சடித்தது போல ஆனது. அதே பிரிவில் உள்ள வீவ் ஃபில்டர் பனையோலைக் கொட்டானைத்தான் நினைவூட்டியது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் கேட்டது அதுவன்று. மூன்றாவதாக, படத்தைப் பிக்சலைஸ் செய்து, அதாவது ஒற்றை நிறக் கட்டங்களாக மாற்றி, இணையத்தில் கிடைத்த பின்னல் பேட்டர்ன் ஒன்றை மேலே லேயராக (தனி அடுக்காக) வைத்து, அதன் ஒளியும் நிழலும் கீழ்ப் படத்தில் படியும் ஓவர்லே முறையில் கலந்தேன். அதைப் பார்த்த என் மனைவி, கொசுவலைக்குப் பின்னால் மாட்டிய படம் போல இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. படம் தனியாகவும் பின்னல் தனியாகவும் தெரிகின்றன. இரண்டும் ஒன்றாவதற்கு என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி: கீழக்கரை வடிவமைப்பாளர்

வணக்கம் அண்ணா. உங்கள் மூன்றாவது முயற்சிதான் சரியான பாதை. அதில் இரண்டு இடங்களில் மட்டும் சறுக்கியிருக்கிறீர்கள்.

கையில் கிடைக்கும் ஸ்வெட்டர் ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள். சாய்ந்த இரண்டு நூல் இழைகள் கீழே கூடி, ‘வி’ எழுத்தைப் போல ஒரு கண்ணியாகின்றன. அந்தக் கண்ணி முழுவதும் ஒரே நூலால் ஆனது என்பதால் அதற்குள் ஒரே நிறம்தான் இருக்க முடியும். நிறம் மாறும் இடத்தில் எல்லைக்கோடு நேராக ஓடாமல், ‘வி’யின் கால்களைத் தொடர்ந்து பற்பற்களாக ஓடும். உங்கள் படத்தில் நிறம் செவ்வகக் கட்டங்களாக மாறுகிறது, மேலே இருக்கும் பேட்டர்ன் ‘வி’ வடிவில் இருக்கிறது. ஒரே கண்ணியின் பாதி நீலமாகவும் பாதி வெள்ளையாகவும் தெரிவதைக் கண் உடனே பிடித்துவிடுகிறது. கொசுவலைத் தோற்றத்துக்கு இதுதான் காரணம்.

கண்ணியின் வடிவத்திலும் ஒரு செய்தி உண்டு. சாதாரணக் கம்பிப் பின்னலில் 10 செ.மீ. அகலத்துக்கு 22 கண்ணிகள் வந்தால், 10 செ.மீ. உயரத்துக்கு ஏறத்தாழ 30 வரிசைகள் வரும். அதாவது கண்ணி சதுரமானதன்று. உயரத்தைவிட அகலம் மிகுந்தது. எனவே நான்குக்கு மூன்று என்ற விகிதத்தில் கட்டங்களை வைத்துக்கொண்டால் இயல்பாக இருக்கும். ஃபோட்டோஷாப்பின் மொசைக் ஃபில்டர் சதுரக் கட்டங்களை மட்டுமே தரும் என்பதால் அதைப் பயன்படுத்துவோரும் கீழே நான் சொல்லும் வழியில் போவதே நல்லது.

முதலில் படத்தை 2400 × 1800 பிக்சலுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். பிறகு ஸ்கேல் இமேஜ் பகுதிக்குச் சென்று, அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலியை விடுவித்துவிட்டு, 100 × 100 என்று சுருக்குங்கள். படம் பக்கவாட்டில் நசுங்கியது போலத் தெரியும், கவலை வேண்டாம். அந்த நிலையில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு கண்ணி. இப்போது குறிப்பிட்ட சில நிறங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் இண்டெக்ஸ்டு முறைக்கு மாற்றி, நிறங்களின் எண்ணிக்கையை 12 என்று கொடுத்து, டிதரிங் இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாத நிறத்தை இருக்கும் நிறங்களின் புள்ளிகளால் ஈடுகட்டும் டிதரிங்கை விட்டுவைத்தால் வானமெங்கும் புள்ளிகள் தெறித்து, மணல் கொட்டியது போலாகிவிடும். அடுத்து மறக்காமல் ஆர்ஜிபி முறைக்குத் திரும்புங்கள், இல்லையென்றால் பல ஃபில்டர்கள் சரியாக வேலை செய்யா. கடைசியாக 2400 × 1800-க்கே மீண்டும் பெரிதாக்குங்கள். இந்த முறை இன்டர்போலேஷன் என்பதில் ‘None’ (எதுவுமில்லை) என்று இருக்க வேண்டும். இப்போது 24 பிக்சல் அகலமும் 18 பிக்சல் உயரமும் கொண்ட தெளிவான கட்டங்கள் கிடைக்கும்.

இனி வருவதுதான் பலரும் விட்டுவிடும் படி. இந்தக் கட்டங்களையே ‘வி’ வடிவுக்கு வளைக்க வேண்டும். 24 × 18 அளவில் புதிய படம் ஒன்றைத் திறந்து, கிரேடியன்ட் கருவியில் பைலீனியர் வடிவைத் தேர்ந்தெடுத்து, நடுவில் கறுப்பாகவும் இடது, வலது ஓரங்களில் வெள்ளையாகவும் நிரப்புங்கள். அதை நகலெடுத்துப் பேட்டர்னாக ஒட்டி, 2400 × 1800 அளவுள்ள தனி லேயரில் நிரப்பினால், கூரைத் தகடு போல வரிவரியாக ஒரு சாம்பல் படம் வரும். இதுதான் இடம்பெயர்ப்பு வரைபடம். மேப் பிரிவில் உள்ள டிஸ்ப்ளேஸ் ஃபில்டரைக் கட்டங்களுள்ள லேயரின் மேல் இயக்கி, ஒய் திசைக்கு இந்த வரைபடத்தைக் காட்டி 9 பிக்சல் என்று கொடுங்கள். எக்ஸ் திசைக்கு ஒன்றும் வேண்டாம். நடுச் சாம்பல் இருக்கும் இடம் அசையாது. வெள்ளை ஒரு பக்கமும் கறுப்பு எதிர்ப்பக்கமும் இழுக்கும். ஒவ்வொரு கட்டமும் நடுவில் கீழிறங்கி ஓரங்களில் மேலேறும். ‘வி’ தலைகீழாக வந்தால் 9-க்கு முன் கழித்தல் குறி இடுங்கள், போதும். ஃபோட்டோஷாப்பில் இதே வரைபடத்தைப் பிஎஸ்டி கோப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டு, டிஸ்ப்ளேஸ் அளவை ஏறத்தாழ 7 என்று கொடுக்க வேண்டும். அங்கே 100 என்பது 128 பிக்சலைக் குறிக்கும்.

நிறம் ‘வி’யாகிவிட்டது, இனி நூலின் உருட்சி வேண்டும். கண்ணியின் ஒரு காலை மட்டும் பெரிய அளவில், 240 × 180 பிக்சலில், சாய்ந்த நெல்மணி போல வரையுங்கள்: நடுவில் வெளிச்சம், ஓரங்களில் நிழல், பின்னணி நடுச் சாம்பல். அதை நகலெடுத்துக் கிடைமட்டமாகப் புரட்டினால் மறு கால் தயார். கால்களின் நுனி கட்டத்துக்கு வெளியே சற்று நீண்டு அடுத்த வரிசைக்குள் நுழைவது நல்லது, ஏனெனில் உண்மையான பின்னலில் ஒரு கண்ணி அடுத்த கண்ணிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆஃப்செட் கொடுத்து விளிம்புகள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, 24 × 18-க்குச் சுருக்கிப் பேட்டர்னாக்கி, மேல் லேயரில் நிரப்பி, ஓவர்லேயில் கலந்துவிடுங்கள். கால்கள் நிற எல்லையோடு பொருந்தாவிட்டால் அந்த லேயரை மேலும் கீழும் சில பிக்சல்கள் நகர்த்திப் பாருங்கள்.

எல்லாம் முடிந்து லேயர்களை இணைத்தபின், சாலிட் நாய்ஸ் கொண்டு மேகம் போன்ற ஒரு சாம்பல் படம் உருவாக்கி, அதை வரைபடமாக வைத்து இரு திசையிலும் 3 பிக்சல் மட்டும் டிஸ்ப்ளேஸ் செய்தால், வரிசைகள் லேசாக நெளிந்து கைப்பின்னலின் குணம் வந்துவிடும். இணைப்பதற்கு முன் இதைச் செய்தால் நிறம் ஒரு பக்கமும் நூல் ஒரு பக்கமும் போய்விடும்.

மறுமொழி: இராமேசுவரம் குரோஷா

தம்பி கீழக்கரை, மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் இருபது ஆண்டுகளாகக் குரோஷா பின்னுபவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவதாக, ஸ்டுடியோ தம்பி அந்த வாடிக்கையாளரிடம் எதைக் கேட்கிறார் என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. நம் பக்கத்தில் இரண்டு கம்பிகளால் பின்னுவதையும் ஒற்றைக் கொக்கி ஊசியால் போடும் குரோஷாவையும் பலரும் ‘உல்லன் பின்னல்’ என்ற ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். மேலே சொல்லப்பட்ட ‘வி’ வரிசை முழுக்க முழுக்கக் கம்பிப் பின்னலுக்கு உரியது. குரோஷாவில் ஒற்றைப் பின்னல் ஏறத்தாழ சதுரமாகவே நிற்கும். அதற்கு நான்குக்கு மூன்று விகிதம் வேண்டாம், சதுரக் கட்டமே போதும். அதோடு, துணியைத் திருப்பித் திருப்பிப் பின்னும்போது ஒரு வரிசை முன்பக்கமும் அடுத்த வரிசை பின்பக்கமுமாக மாறிவரும். ஒரே பேட்டர்னை எல்லா வரிசைக்கும் நிரப்பினால் பின்னத் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். இரண்டு வரிசைகள் சேர்ந்த பேட்டர்னாக வரைய வேண்டும்.

வரைவதைவிட எளிய வழி ஒன்றுண்டு. வெளிர்சாம்பல் நூலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னச் சொல்லி, காலை வெயில் பக்கவாட்டில் விழும் ஜன்னலோரம் சமதளத்தில் வைத்து நேர்மேலிருந்து படம் எடுங்கள். பக்க வெளிச்சம்தான் நூலின் மேடுபள்ளத்தைக் காட்டும். உச்சி வெயிலில் எடுத்தால் தட்டையாகிவிடும். அதன் நிறத்தை நீக்கி, ஹை பாஸ் ஃபில்டர் போட்டால் நடுச் சாம்பலைச் சுற்றிய நிழலும் ஒளியும் மட்டும் எஞ்சும். அதிலிருந்து இரண்டு கண்ணி அகலம், இரண்டு வரிசை உயரம் வெட்டிக்கொள்ளலாம். நூலில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மயிர்கூட அதில் வந்துவிடும், அதை எந்த ஃபில்டராலும் தர முடியாது.

இரண்டாவதாகப் பாலம். 1914-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் 140-க்கும் மேற்பட்ட தூண்கள் இருந்தன. குறுக்கே 100 கண்ணிகள் மட்டுமே உள்ள படத்தில் முழுப் பாலத்தையும் அடக்கினால் ஒரு தூணுக்கு ஒரு கண்ணிகூடக் கிடைக்காது. சில தூண்கள் தடித்தும் சில மறைந்தும், பல் விழுந்த சீப்பு போலத் தெரியும். ஆகவே தூக்குப் பகுதியையும் அதன் இருபுறமும் நாலைந்து தூண்களையும் மட்டும் வைத்து நெருக்கமாக வெட்டுங்கள். அந்தப் பழைய தூக்குப் பகுதி இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து சாய்ந்து எழும்பியது அல்லவா, அந்தச் சாய்கோடுகள் கண்ணிகளில் படிக்கட்டாக மாறும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். பின்னலில் சாய்கோடு அப்படித்தான் வரும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு அது வரம், எல்லாம் நேர்கோடு.

பாலத்தையும் படகையும் மட்டும் காட்டுவதென்றால் ஃபிலே குரோஷா தோற்றத்தையும் யோசியுங்கள். திறந்த கட்டம், அடைத்த கட்டம் என்று இரண்டே வகை. அவற்றாலேயே உருவம் வரும். ஃபிலே என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வலை என்றே பொருள். முடிச்சிட்ட வலையின் கண்ணிகளை நூலால் அடைத்து உருவம் செய்த பழைய கைவேலையைப் பார்த்து வந்த பின்னல் அது. பாம்பன் கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலை அடைப்பவர்களைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அதைவிடப் பொருத்தமாக எது இருக்கப்போகிறது? செய்முறையும் எளிது. சுருக்கிய படத்தை த்ரெஷோல்டு கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். திறந்த கட்டப் பேட்டர்ன் ஒரு லேயர், அடைத்த கட்டப் பேட்டர்ன் அதற்கு மேல் ஒரு லேயர். கறுப்பு வெள்ளைப் படத்தை மேல் லேயரின் மாஸ்க் (மறைப்பு) ஆக்கிவிட்டால் வெள்ளை இருக்குமிடத்தில் மட்டும் அடைத்த கட்டம் தெரியும்.

முகம் இருக்கும் படங்களை எடுத்துவந்து இதே வேலையைக் கேட்பவர்கள் இனி வருவார்கள் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். கண்ணின் அகலம் முகத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. முகத்துக்கு 60 கண்ணிகள் கிடைத்தால் கண்ணுக்கு 12 வரும், அடையாளம் தெரியும். ஐந்து பேர் நிற்கும் குடும்பப் படத்தில் முகத்துக்குப் பத்துக் கண்ணிகள்தான், கண்ணுக்கு இரண்டே. அப்படிப்பட்ட படத்தை வாங்காமல் இருப்பதே மரியாதை.

மறுமொழி: தொண்டி மாணவர்

இவ்வளவு பாடு எதற்கு என்று தெரியவில்லை. கைப்பேசியில் இருக்கும் ஏஐ செயலி ஒன்றில் படத்தைக் கொடுத்து, பின்னல் போல மாற்று என்றால் அரை நிமிடத்தில் தந்துவிடுகிறதே?

மறுமொழி: கீழக்கரை வடிவமைப்பாளர்

தரும் தம்பி, நானும் முயன்றிருக்கிறேன். என் படத்தில் படகின் எண்ணிக்கையே மாறிவிட்டது, வரிசைகள் பாதியில் தொடங்கிப் பாதியில் நின்றன. வேடிக்கைக்குப் போதும். வாடிக்கையாளர் கொடுத்த அதே படம் வேண்டுமென்றால் ஒவ்வொரு கண்ணியும் நம் கையில் இருப்பது நல்லது.

மறுமொழி: மண்டபம் ஸ்டுடியோ

அனைவருக்கும் நன்றி. வாடிக்கையாளரிடம் பேசினேன். அவர் கேட்டது கம்பிப் பின்னலைத்தான். ஃபிலே மாதிரியையும் காட்டினேன், மகளுக்கு வண்ணம் வேண்டும் என்றார். தூக்குப் பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, சொன்னபடியே எல்லாவற்றையும் செய்தேன். டிஸ்ப்ளேஸ் கொடுத்த கணத்தில் படகின் சிவப்பு விளிம்பு பற்பற்களாக மாறியதைப் பார்த்தபோது, கடையில் இருந்த பையனைக் கூப்பிட்டுக் காட்டாமல் இருக்க முடியவில்லை.

இரண்டு சிக்கல்கள் மிஞ்சியிருக்கின்றன. கடலும் பாலமும் பின்னலாகத் தெரிகின்றன, ஆனால் வெளுத்த வானமும் தார் பூசிய படகின் அடிப்பகுதியும் மொட்டையாக இருக்கின்றன. அங்கே கண்ணியே தெரியவில்லை. மற்றொன்று, வாடிக்கையாளருக்குச் செய்திச் செயலியில் படத்தை அனுப்பியபோது, அவருடைய திரையில் படத்தின் குறுக்கே அலையலையாக வளையங்கள் தெரிந்தனவாம். அச்சிலும் அப்படித்தான் வருமோ என்று பயந்துவிட்டார்.

மறுமொழி: கீழக்கரை வடிவமைப்பாளர்

முதல் சிக்கல் என் தவறு அண்ணா, முன்னமே சொல்லியிருக்க வேண்டும். ஓவர்லே முறையில் கீழே இருக்கும் நிறம் முழு வெள்ளையாகவோ முழுக் கறுப்பாகவோ இருந்தால் மேலே என்ன வைத்தாலும் அது அசையாது. பின்னல் லேயரை ஹார்ட் லைட் முறைக்கு மாற்றிப் பாருங்கள். அதில் நிழல் சற்றுக் கடுமையாகத் தெரிந்தால், ஓவர்லேயிலேயே வைத்துவிட்டு, கீழ் லேயரில் லெவல்ஸ் திறந்து, அவுட்புட் அளவுகளை 0, 255 என்பதிலிருந்து 25, 230 என்று குறுக்கிவிடுங்கள். இரண்டாவது வழிதான் எனக்குப் பிடிக்கும். எந்த நூலும் தாள் போல வெளுப்பதில்லை, மை போலக் கறுப்பதும் இல்லை.

வளையங்கள் வருவது அச்சுக் குறையன்று. சீரான நுண்கோடுகளைப் பொருந்தாத விகிதத்தில் சுருக்கும்போது கோடுகளுக்கும் திரையின் பிக்சல்களுக்கும் இடையே ஒத்துவராமல் அப்படிப்பட்ட அலைகள் தோன்றும். பார்வைக்கு அனுப்பும்போது நீங்களே சரிபாதியாக, அதாவது 1200 × 900 ஆகச் சுருக்கி, பிஎன்ஜி கோப்பாக, படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். பாதியானால் கண்ணி 12 × 9 என்று முழு எண்ணிலேயே நிற்கும். அச்சகத்திலும் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்று கொடுக்க வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்றால் 8 × 6 அங்குலம், உறைக்கு 150 டிபிஐ போதுமென்றால் 16 × 12 அங்குலம். அதைவிடப் பெரிது வேண்டுமென்றால் 100 × 100 சிறு படத்துக்கே திரும்பிப் போய், கண்ணியை 48 × 36 என்று வைத்து மீண்டும் செய்யுங்கள். முடிந்த படத்தை இழுத்து நீட்டாதீர்கள்.

மறுமொழி: மண்டபம் ஸ்டுடியோ

லெவல்ஸ் வழியே சரியாக வந்தது. வானத்தில் கண்ணிகள் தெரிகின்றன, படகின் அடிப்பகுதியும் கருஞ்சாம்பல் நூலாகிவிட்டது. உறை அச்சாகி வந்தபோது வாடிக்கையாளர் முதலில் செய்த காரியம், விரலால் தடவிப் பார்த்ததுதான். தட்டையாக இருந்ததும் சிரித்துவிட்டார்.

மறுமொழி: இராமேசுவரம் குரோஷா

அப்படியானால் அந்த 100 × 100 சிறு படத்தை இங்கே இணையுங்கள் தம்பி. அது வெறும் இடைநிலைக் கோப்பன்று, பின்னுபவர்களுக்கு அதுவே வரைபடம். கம்பிப் பின்னலில் 22-க்கு 30 என்ற கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 45 செ.மீ. அகலமும் 33 செ.மீ. உயரமும் வரும், உறைக்கு ஏற்ற அளவுதான். என்னிடம் பயிலும் பெண் ஒருத்திக்குக் கம்பிப் பின்னல் நன்றாக வரும். எந்த நிறத்தில் எத்தனை கண்ணிகள் என்று தெரிந்தால் நூல் வாங்கிவிடுவேன்.

மறுமொழி: மண்டபம் ஸ்டுடியோ

இணைத்திருக்கிறேன் அக்கா. நிற வாரியாகத் தேர்வு செய்யும் கருவியால் ஒவ்வொரு நிறத்தையும் சொடுக்கி, ஹிஸ்டோகிராம் பெட்டியில் பிக்சல் எண்ணிக்கையைப் பார்த்துக் குறித்தேன். ஒரு பிக்சல் ஒரு கண்ணி என்பதால் கணக்கு எளிதாகிவிட்டது. மொத்தமுள்ள 10,000 கண்ணிகளில் வானமும் கடலும் மட்டுமே பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன. படகின் சிவப்புக்கு 212 கண்ணிகள்தான். அந்தச் சிவப்புக்குப் புதிதாக நூல் வாங்க வேண்டியதில்லை, வீட்டில் மிச்சமிருக்கும் துண்டு நூலே போதும் என்று நினைக்கிறேன்.